தாகத்தைக் கேட்காத செயலி

அனுப்புநர்:
இதயப் பிரிவு நோயாளி ஒருவரின் மனைவி,
பேருந்து நிலைய விசாரணைக் கவுண்டர் ஊழியர்.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: நோயாளிகள் அருந்தும் நீரைக் கணக்கிடும் கைப்பேசிச் செயலியின் வடிவமைப்பை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் லாரி பழுதுபார்ப்பவர். இதயம் பலவீனமாகிவிட்டதால், நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீர் ஆகாரம் கூடாதெனத் தங்கள் மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். அதில் எங்களுக்கு மறுப்பில்லை.

2. இச்செயலியை உருவாக்கியபோது வடிவமைப்பாளர்கள் இருவர் எங்கள் வீட்டுக்கு வந்தனர். பொத்தானின் நிறம், எழுத்தின் அளவு எல்லாம் பொறுமையாகக் கேட்டனர். என் கணவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நான் குடிக்கிறது எனக்கும் இவளுக்கும் தெரிஞ்சாப் போதும். ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டுடாதீங்க." குறித்துக்கொண்டுதான் போனார்கள்.

3. செயலி வந்தது. குடிக்கும் ஒவ்வொரு முறையும் அளவை அவரே அதில் பதிய வேண்டும். அளவு மீறியதும், உறவினர் என்று நாங்கள் கொடுத்த எண்கள் அனைத்துக்கும் சிவப்புச் செய்தி போகிறது. நிறுத்த வழியில்லை. கவுண்டரில் பயணிக்குப் பதில் சொல்லி வாய் மூடுவதற்குள் நாத்தனார் அழைப்பார்: "அண்ணி, அண்ணன் மறுபடி டீ குடிச்சிருக்கார். நீங்க பாக்கறதில்லையா?" அவர் வைத்ததும் கொழுந்தனார். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், "அப்பா, வேணாம்ப்பா" என்று மட்டும் எழுதுவாள். அதைப் பார்த்துத்தான் அவர் கூனிக் குறுகிப் போனார்.

4. பிறகு செயலி பச்சையாகவே இருந்தது. நாத்தனார் கைதட்டும் படம் அனுப்பினார். நானும் அப்பாடா என்றிருந்தேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அவர் கையால் ஏந்திக் குடித்தது எனக்குத் தெரியாது. கால்கள் வீங்கின. ஒருநாள் காலையில், படுக்க முடியாமல், மூச்சுக்குத் தவித்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

5. அவசரப் பிரிவு மருத்துவர் கைப்பேசியைப் பார்த்து, "கணக்கு சரியாத்தானே இருக்கு, அப்போ மாத்திரைதான் கேக்கல" என்று மருந்தை மாற்றி எழுதப் போனார். என் கணவர் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, "பொய்க் கணக்கு டாக்டர். தாகம் தாங்கல. சொன்னா எல்லாருக்கும் போயிடுது" என்றார். மருத்துவர் திட்டவில்லை. பேனாவை மூடிவிட்டு, "எப்போல்லாம் ரொம்பத் தாகமா இருக்கு?" என்று கேட்டார். ஐயா, அதுவரை அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

6. இப்போது வீடு திரும்பியிருக்கிறார். செயலியைத் தூக்கி எறியச் சொல்கிறார்கள் சிலர். எனக்கு அந்தத் தெம்பும் இல்லை. வேலைக்குப் போன நேரத்தில் எதையாவது நம்பித்தானே ஆகவேண்டும்? ஆகவே செய்தி யாருக்குப் போகலாம் என்பதை நோயாளியே முடிவு செய்யட்டும். அளவு கூடினால் சிவப்பைக் காட்டாமல், தாகம் எப்படி இருக்கிறது என்று அது கேட்கட்டும். வாய் கொப்பளிக்கலாமா, ஐஸ் துண்டு ஒன்றை அடக்கிக்கொள்ளலாமா என்று செவிலியரிடம் விசாரிக்க அதில் ஓர் இடம் வேண்டும். திருத்தும்போது நோயாளிகளையும் உட்காரவைத்துக் கேளுங்கள். என் கணவர் வரத் தயார், படியேறத்தான் முடியாது.

இம்மனுவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பல இடங்களில் "தயவுகூர்ந்து" என்று எழுதியிருந்தேன். "கெஞ்சாத, கேளு" என்றார். அவற்றை அடித்துவிட்டேன்.

கேட்கிறேன், ஐயா. மாற்றித் தாருங்கள்.

இடம்: புறநோயாளிகள் காத்திருப்புக் கூடம்
நாள்: இம்மாதம் பதினான்காம் தேதி

இப்படிக்கு,
(கையொப்பம்)
நோயாளியின் மனைவி