காப்ராரோ என்று தைத்த சட்டை

பீரோவைக் குடைந்துகொண்டிருந்த பேத்தி, நீ கொடுத்த நீலச் சட்டையை வெளியே இழுத்துப் போட்டாள். பாக்கெட்டுக்கு மேலே சிவப்பு நூலில் தைத்திருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள். "காப்ராரோ... யாரு தாத்தா இது?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

கோவில்பட்டி மில்லில் நாம் இருவரும் ஃபிட்டர்கள். புதூர்ப் பக்கத்தில் உங்கள் வீட்டு ஆட்டு மந்தை பெரிது என்பதால் உனக்கு 'ஆட்டுக்காரன்' என்று பேர் வைத்தேன். மில்லே அப்படித்தான் கூப்பிட்டது. நீ ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. உண்மையில் பயம் எனக்குத்தான். என் அப்பா கூலிக்கு ஆடு மேய்த்தவர். பத்து வயது வரை நானும் அவர் பின்னால் கரிசல் காட்டில் அலைந்தவன். அது யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான் உன்னை அத்தனை கேலி செய்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், புது மெஷின் மாட்ட ஓர் இத்தாலிக்காரர் வந்தார். சட்டையில் 'காப்ராரோ' என்று பேரைத் தைத்திருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று நீதான் சூப்பர்வைசரைக் கேட்கச் சொன்னாய். இத்தாலிக்காரர் இரண்டு விரலைத் தலையில் கொம்பாக வைத்து 'மே' என்று கத்தினார்.

அவர் இங்கிலீஷில் சொன்னதை சூப்பர்வைசர் நமக்குச் சொன்னார். "அவிய பாஷையில ஆட்டுக்கு காப்ராவாம். மலையில ஆடு மேச்ச வம்சமாம். செஞ்ச வேலையே குடும்பப் பேராயிட்டாம். அவிய நாட்டுலயே கொஞ்சப் பேருக்குத்தான் இந்தப் பேரு இருக்காம்."

அந்த மனிதர் பெருமையாக நின்றார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரை உன் ஊருக்குக் கூட்டிப்போனோம். புஞ்சைக்கு உரம் சேர உங்கள் ஆடுகளைக் கிடை போட்டிருந்தீர்கள். பேரில்தான் ஆடு, அவருக்குக் குட்டியைப் பிடிக்கத் தெரியவில்லை. அது நழுவி முள்ளுக்காட்டுப் பக்கம் ஓடியது. நான் யோசிக்கவே இல்லை. நாக்கை மடித்துக் குரல் கொடுத்து, எட்டிப் பின்னங்காலைப் பிடித்து, தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த மாதம் புதியம்புத்தூரில் தைத்த இரண்டு சட்டையோடு வந்தாய். இரண்டிலும் காப்ராரோ. ஒன்றை என்னிடம் நீட்டினாய்.

"எனக்கு எதுக்குலே?" என்றேன்.

"ஒங்கப்பா எங்க பெரியப்பா ஆட்டத்தாம்லே மேச்சாரு."

"தெரிஞ்சுக்கிட்டா இத்தன வருசமா எங்கிட்டப் பேச்சு வாங்குன? ஏம்லே சொல்லல?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்."

வெட்கத்தில் என் முகம் எரிந்தது. நீயோ சட்டையை என் தோளில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாய். மறுநாள் இருவரும் அதைப் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனோம். கேட்டவர்களுக்கெல்லாம் அர்த்தத்தை நானே சொன்னேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

நீ கண்ணை மூடியபோது உன் சட்டையை உன்னோடே அனுப்பிவிட்டார்கள். என்னுடையது இப்போது வயிற்றில் பட்டன் மாட்டாது. இருந்தாலும் யாருக்கும் கொடுக்கவில்லை.

பேத்தி விடுவதாக இல்லை. "சொல்லுங்க தாத்தா, யாரு காப்ராரோ?"

"ஆடு மேய்க்குதவன்னு அர்த்தம் தாயி," என்றேன். "நாந்தான்."