மேல் ரூமை நான் பதியல்ல

உக்குவளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் றிஷாதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட கிருபையால நாங்க நல்லா இருக்கோம், கட்டாரில நீங்களும் மேலுக்கு ஒண்டுமில்லாம இருக்கணும்ண்டு ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேக்கிறேன். வாப்பாட முழங்கால் வலி அப்பிடியேதான், வாய்க்கு மட்டும் ஒரு நோயுமில்ல.

நீங்க நம்மட வீட்டை இன்டர்நெட்டில போட்டு வெள்ளைக்காரங்களை அனுப்பத் தொடங்கினதில இருந்து வாப்பாக்கு ஒரே வெக்கம், காசுக்கு ஆள் தங்கவைக்கிறது குறைச்சலாம். அதனால பள்ளிவாசல்லயும் கடையிலயும் வாறவங்க எல்லாம் மகன்ட கூட்டாளிமார்ண்டு சொல்லிவெச்சிட்டார். போன வாரம் பிரதேச சபையில இருந்து ஒரு சிங்கள ஆபீசர் மாத்தயா வந்து, இப்பிடி வீடெல்லாம் பதியணும், வரி கட்டணும்ண்டார். முன்வீட்டு றமீஸா ஓடிவந்து, இவங்க ஒரு சதமும் வாங்கிறதில்ல, எல்லாரும் றிஷாத்ட கூட்டாளிமார்தான்ண்டு சத்தியமே பண்ணிட்டா. மாத்தயா போனை எடுத்து நம்மட வீட்டுப் படத்தையும் கீழ இருக்கிற விலையையும் காட்டினார். பிறகு, முற்றத்தில பப்பாசி தின்னுக்கிட்டிருந்த ஜெர்மன்காரக் கிழவரைப் பாத்து, இவரும் மகனோட பள்ளிக்கூடத்தில படிச்சவரான்ண்டு சிங்களத்தில கேட்டார். வாப்பா இருமின இருமல்ல பூனை எழும்பி ஓடிட்டு.

பிறகென்ன, தண்ணி பாக்க ஒருத்தர், கக்கூஸ் பாக்க ஒருத்தர், வாசல்ல போர்ட் எங்க மாட்டணும்ண்டு காட்ட இன்னொருத்தர். போன வருஷம் வீட்டில கள்ளன் புகுந்தப்ப இதில ஒரு ஆளைக் காணோம். எல்லாருக்கும் வட்டிலப்பம் குடுத்தேன், கதவை அளந்தவர் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித் தின்னுட்டு, கதவு ஒடுக்கம்ண்டு எழுதிட்டுப் போனார்.

கடைசியா மாத்தயா மூணு ரூமையும் பதியவான்ண்டு கேட்டார். ரெண்டுதான், மேல் ரூம் மகன்டது, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வருவார்ண்டேன். கடைசியா எப்ப வந்து படுத்தார்ண்டு கேட்டார். நான் விரலை மடக்கி வருஷத்தை எண்ணத் தொடங்கினேன் மகன். வாப்பா இருமவும் இல்ல. அந்த மனிசனே தலையைக் குனிஞ்சிக்கிட்டு, மகன் பாவிக்கிறார்ண்டு எழுதிட்டார்.

நேத்து நீங்க போன்ல, அது சும்மாதானே கிடக்கு, பெருநாள் சீசனுக்கு அதையும் போடுவோம்ண்டீங்க. அப்ப நீங்க வரல்லண்டு விளங்கிட்டு, ராவெல்லாம் அழுதேன். போட மாட்டேன். கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்தாச்சு, இனி நீங்க வராட்டி நானும் பொய்க்காரி, வாப்பா சொன்ன பொய் காணாதா இந்த வீட்டுக்கு?

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுசையும் பரகத்தையும் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்க, டிக்கெட்டை இப்பவே போடுங்க. தலகாணி ரெண்டையும் வெயில்ல காயப்போட்டிருக்கேன். வந்தா, வெள்ளைக்காரங்கக்கிட்ட கேக்கிற மாதிரி உங்கக்கிட்ட பாஸ்போர்ட் கேக்க மாட்டேன்.

உங்கட உம்மா,
உம்மு குல்தூம்