அமலாக்காவுக்குப் பெயர் மட்டும் போதும்

என் அமலாக்கா,

இது உனக்குத்தான். வேறு சிலர் வாசித்துக் கோபப்படுவார்கள். படட்டும்.

மே நாலாம் தேதியிலிருந்து தொடங்குகிறேன். அன்று மாலை நீ உயிரோடு இருந்தாய்.

அந்த மாலையில் இங்கே டென்மார்க்கில் யன்னல்களில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். இரண்டாம் யுத்தத்தில் ஜெர்மன் இராணுவம் பணிந்த செய்தி வானொலியில் வந்த மாலை அது. அன்று ஏற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் ஏற்றுகிறார்கள். ஓபென்ரோவில் எங்கள் தெரு முழுவதும் வெளிச்சம். பக்கத்து வீடு மட்டும் இருட்டு. வருடா வருடம் இருட்டுத்தான். பீட்டரின் வீடு அது. கல்லறைக் கல் வெட்டுகிறவர், ஜெர்மன்காரர்.

அம்மாவும் ஒரு திரியை ஏற்றினார். "ஆரோ தப்பின நாளாம். நாங்களும் ஏத்தினா என்ன குறைஞ்சா போகும்?"

பிறகு தொலைக்காட்சியில், யுத்தம் நடக்கிற எங்கள் ஊர்க் கடற்கரை வந்தது. சில நொடி. புகை, தறப்பாள் கூடாரங்கள், ஓடுகிற ஆட்கள். அடுத்தது வானிலை. நாளைக்கு நல்ல வெயிலாம்.

நான் போய்த் திரியை ஊதி அணைத்தேன்.

பீட்டரின் ஆட்களைப் பற்றி உனக்கு ஒருமுறை போனில் சொன்னேன், நினைவிருக்கிறதா? இந்த நிலம் முந்தி ஜெர்மனிக்குச் சொந்தம். முதல் யுத்தம் முடிந்தபின் சனத்திடம் வாக்குக் கேட்டு எல்லை கீறினார்கள். எங்கள் பட்டணத்தில் கூடுதலான பேர் ஜெர்மனிக்குத்தான் போட்டார்கள். பிரதேசத்தை மொத்தமாக எண்ணியபோது டென்மார்க் வென்றது. தோற்றவர்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. டென்மார்க்கிலேயே ஜெர்மன்காரராக இருந்துவிட்டார்கள்.

நீ நம்பவில்லை. "வோட்டுப் போட்டு எல்லை கீறினவையோ? துவக்கு இல்லாமலோ?"

"ஓம்."

"தோத்த ஆக்களுக்குப் பள்ளிக்கூடமும் இருக்கோ?"

"ஓம் அக்கா. சொந்தமாப் பேப்பரும் இருக்கு."

"அடி டேனிஷ்காரி, பொய் சொல்லாதை!"

நீ சிரித்த சிரிப்பில் லைன் கரகரத்தது. பாதியைத்தான் அன்று சொன்னேன். மிச்சத்தைப் பல்கலைக்கழகத்தில் வாசித்தேன். அடுத்த யுத்தத்தில் அவர்களின் பையன்கள் பலர் ஜெர்மன் உடுப்புப் போட்டுக்கொண்டு போனார்கள். யுத்தம் முடிந்ததும் டேனிஷ் ஊர்க்காரரே துவக்கோடு வந்து ஆண்களை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். பாடமாக இருந்தபோது எல்லாம் எவ்வளவு தூரத்தில் இருந்தது.

உன் செய்தியை, உன்னை அங்கே வைத்திருந்த சித்தி சொன்னா. முட்கம்பி முகாமுக்குள்ளிருந்து, யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசியில், மூச்சு விடாமல். மாசியில் இயக்கம் உன்னைப் பிடித்துக்கொண்டு போனது. ஓடினால் அடையாளம் தெரியட்டும் என்று தலைமயிரைக் கட்டையாக வெட்டியது. நீ ஓடிவந்தாய். சித்தியின் சேலைத் துண்டால் தலையைச் சுற்றிக்கொண்டு பங்கருக்குள் இருந்தாய். வைகாசியில் தண்ணீர் எடுக்க வெளியே வந்தாய். ஆமியின் ஷெல். அதே பங்கருக்குள் உன்னை வைத்து மண் போட்டிருக்கிறா.

"மயிர் வளரவே இல்லையடி." சித்தி அதையே திரும்பத் திரும்பச் சொன்னா. "வளரவே இல்லையடி பிள்ளை."

அந்தக் கட்டை மயிர் போதும், அங்குள்ள அரசாங்கத்துக்கு நீ பயங்கரவாதி. அந்தக் கட்டை மயிர் போதும், இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நீ மாவீரர். உன் தலையில் வளராத மயிரைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். ஷெல் அடித்தவனை நான் மன்னிக்கமாட்டேன். அதற்காக, உன்னை இழுத்துக்கொண்டு போனவனுக்கு நான் கைதட்டவேண்டுமா?

இந்த நாட்டையும் சும்மா விடமாட்டேன். அம்மாவையும் என்னையும் கூப்பிட, முந்தியே இங்கே வந்திருந்த அப்பாவுக்கு அனுமதி கிடைத்தபோது உனக்குப் பதினெட்டுத் தாண்டிவிட்டது. பிள்ளை என்ற கணக்கில் நீ இல்லை என்றார்கள். விசாவுக்கு என்று எடுத்த படம் மட்டும் எங்களோடு விமானம் ஏறியது. இரட்டைப் பின்னல், கழுத்து வரை பூட்டிய சட்டை, சிரிக்காதே என்று யாரோ சொன்னதால் அடக்கிய வாய்.

அந்தப் படத்தைச் சங்கத்து ராசன் அண்ணை வாங்கிக்கொண்டு போனார். அஞ்சலிக்கு என்றார். அம்மா அழுதபடி கொடுத்துவிட்டார். ஆவணியில் கிரின்ஸ்டெட் பட்டணத்திலிருந்து காரில் வந்து இறங்கினார், கையில் பெரிய சட்டகம். அதில் உன் முகம். முகத்துக்குக் கீழே இயக்கத்தின் வரிச் சீருடை. யாருடைய உடம்பு அது, அக்கா? கழுத்துப் பொருந்தவே இல்லை. பின்னலைக் காணவில்லை. கணினியிலும் உன் மயிரை வெட்டியிருந்தார்கள்.

"கார்த்திகையிலை மாவீரர் நாளுக்கு மண்டபத்திலை முன்வரிசையிலை வைக்கிறம் அக்கா," என்றார் அம்மாவிடம். "நீங்கள் அவளுக்குப் பேர் வெட்டப்போற கல்லிலையும் வீரச்சாவு எண்டு போடுங்கோ. எங்களுக்கெல்லாம் பெருமையெல்லோ."

"அவள் வீரத்துக்குச் சாகேல்லைத் தம்பி. தண்ணிக்குப் போய்ச் செத்தவள்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. சனம் என்ன நினைக்கும்?"

அம்மா தேநீரை அவருக்கு முன்னால் வைத்தார். "உம்மடை மூத்தவன் இப்ப எங்கை?"

"அவன் ஓஹூஸிலை மெடிசின் படிக்கிறான்."

"அவனுக்கு முதல்லை இந்த உடுப்பைத் தையும். அளவு சரியா இருந்தா, பிறகு என்ரை பிள்ளைக்குப் போடுவம்."

ராசன் அண்ணை தேநீரைக் குடிக்கவில்லை. சட்டகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்ன கல் அப்பாவின் கல்லறைக் கல். அப்பா போய் இரண்டு வருடம். அவருடைய பெயருக்குக் கீழே அம்மாவுக்கு என்று இடம் விட்டிருந்தோம். இந்தப் பக்கத்துச் சவக்காலையில் ஒரு வழக்கம் உண்டு. ருஷ்யாவில் எங்கோ புதைந்த மகனுக்கும் தாய் தகப்பனின் கல்லில் பெயர் வெட்டுவார்கள். உடம்பு இல்லாத பெயர்கள். அப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போதெல்லாம் அம்மா அவற்றை எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறார்.

"எனக்கு விட்ட இடத்தை அவளுக்குக் குடுப்பம்," என்றார். "அவளுக்கும் ஒரு இடம் வேணுமெல்லோ."

பீட்டரிடம் போனோம். அவர் அளவெடுக்க எங்களோடு சவக்காலைக்கு வந்தார். பேசுவது இந்த ஊர்க்காரர் எல்லோரும் பேசுகிற அதே டேனிஷ்தான். ஜெர்மன் அவர்களுக்குப் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும். "பெயருக்கு முன்னால் என்ன போடவேண்டும்?" என்று கேட்டார். "வீழ்ந்தார் என்றா, காணாமற்போனார் என்றா?"

பீட்டர் பாதையோரக் கல் ஒன்றுக்கு முன்னால் நின்றார். எனக்கு அந்தக் கல்லைப் பள்ளி நாளிலிருந்து தெரியும். பெயருக்குக் கீழே ஒரு பட்டை உள்ளே குழிந்திருக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் தங்கும். பனி தின்ற கல் என்று நினைத்திருந்தேன்.

"பனி இல்லை, என் அப்பா," என்றார் பீட்டர். "யுத்தத்துக்குள் அந்த வரியை வெட்டியது அவர். நாற்பத்தைந்தாம் ஆண்டுக் கோடையில் தேய்த்து எடுத்ததும் அவர். ஒரே கல்லில் இரண்டு வேலை." தானே சிரித்துக்கொண்டார்.

"என்ன வரி?"

"தலைவருக்காகவும் தாய்நாட்டுக்காகவும் வீழ்ந்தான்."

"வீட்டுக்காரர் எழுதச் சொன்னதா?"

"எங்கள் ஜெர்மன் சங்கத்துப் பேச்சாளர் எழுதிக்கொடுத்தது. பையன்களைச் சேர்த்ததும் அவர்தான். யுத்தம் முடிந்து மறியலில் அடைபட்டிருந்தார், வெளியே வந்தார், மறுபடி மேடையில் ஏறினார். தனக்கு நடந்த அநியாயத்தைப் பற்றிப் பேசினார்."

"பையன்களைப் பற்றி?"

பீட்டர் அளவு நாடாவைச் சுருட்டினார். எனக்குக் கோபம் வந்தது. உங்கள் பையன்கள் போட்ட உடுப்பு என்ன செய்தது என்று தெரியும்தானே, பிறகு ஏன் நாலாம் தேதி உங்கள் யன்னல் இருட்டு, என்று கேட்டேன்.

"அப்பா ஏற்றவில்லை. நானும் ஏற்றவில்லை."

"வெட்கத்திலா, கோபத்திலா?"

"வீட்டில் ஒருவரும் சொல்லித் தரவில்லை," என்றார்.

அந்தப் பையனை உன்னோடு ஒப்பிடமாட்டேன். அவன் போனான். நீ ஓடிவந்தாய். ஆனால் செத்தவனின் பெயருக்குக் கீழே தன் வரியை எழுதுகிற கை இருக்கிறதே, அது என் வீட்டுக்கும் சட்டகத்தோடு வந்தது. தேய்த்தவர்கள் வரியைத்தான் தேய்த்தார்கள். குழி பையனின் பெயருக்குக் கீழே கிடக்கிறது.

அம்மாவுக்கு நான் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவர் குழியில் விரலை வைத்துப் பார்த்தார்.

"பேர் மட்டும் போதும்," என்றார். "பிறகு தேய்க்க ஒண்டும் இருக்கக்கூடாது."

பீட்டர் தமிழ் எழுத்து வெட்டியதில்லை. அம்மா கடதாசியில் பெரிதாக எழுதிக்கொடுத்தார். அவர் அதை மூன்று தரம் வரைந்து காட்டி, 'அ'வின் சுழி எங்கே முடிகிறது என்று கேட்டுக் கேட்டு வெட்டினார். அமலா. அவ்வளவுதான். வீரம் இல்லை, பயங்கரவாதம் இல்லை, பதினெட்டுத் தாண்டியவள் என்றும் இல்லை.

"அப்ப உங்களுக்கு இடம்?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"பின்பக்கம் வெட்டட்டும். நான் எப்பவும் குசினியிலை அடுப்புப் பக்கம் நிண்டவள்தானே."

சிரித்தோம் அக்கா. நீ போனபின் முதல் தடவை.

அடுத்த மே நாலுக்குத் திரி ஏற்றுவேனா, தெரியாது. கார்த்திகை தெரியும். கிரின்ஸ்டெட் மண்டபத்துக்குப் போவேன். முன்வரிசைக்குப் போய், எல்லோரும் பார்க்க, அந்தச் சட்டகத்தைக் கழற்றுவேன். மறிக்கிறவர்கள் மறிக்கட்டும், துரோகி என்கிறவர்கள் சொல்லட்டும். அந்த உடம்பு யாருடையதோ, அதை அங்கேயே விட்டுவிட்டு உன் முகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவேன். ராசன் அண்ணையிடம் விசாப் படத்தையும் திருப்பி வாங்கி, இரட்டைப் பின்னலோடு வைத்திருப்பேன்.

பொய் சொல்லாத டேனிஷ்காரி,
உன் தங்கச்சி.