மாம்பழத் தோல் கொட்டிய குழி

சித்தூர்
18-7-1999

அன்புத் தங்கை சுலோசனாவுக்கு,

அக்கா செங்கம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நலம் என்று எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைக் கடித்ததில் பல்லெல்லாம் மை. குவைத்திலிருந்து பார்த்தால் தெரியாது, சிரித்துக்கொள்.

உன் மகள் தேன்மொழி தெலுங்கில் வெளுத்து வாங்குகிறாள். நான் கடையில் தப்பும் தவறுமாகத் தெலுங்கு பேசினால், யாரோ ஒருத்தி என்பது போலத் தள்ளி நிற்கிறாள்.

போன வருஷம் நம் தெரு போர்வெல்லில் தண்ணீர் குறைந்ததல்லவா? மழைநீர் இறங்கட்டும் என்று பக்கத்திலேயே குழி வெட்டினோம். மாங்கூழ் பேக்டரியில் தோலைச் சும்மா கொடுக்கிறார்கள் என்றதும், எருவாகும் என்று டிராக்டர் டிராக்டராக வாங்கி அதில் கொட்டினோம். சும்மா என்றால் முதல் ஆள் யாரென்று உனக்குத் தெரியும். மழைக்குப் பிறகு மோட்டார்த் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. டீத்தூள் மிச்சமென்று பக்கத்து வீட்டு ஜெயம்மாவிடம் சிரித்தேன்.

போன வாரம் திருப்பதியிலிருந்து கலைவாணி என்ற அம்மாள் வந்து தண்ணீரைச் சோதித்தார். நம் பாறையிலேயே யுரேனியம் என்கிற கதிர்வீச்சுச் சரக்கு இருக்கிறதாம். அது பாட்டுக்குக் கல்லோடு ஒட்டிக் கிடந்ததாம். அழுகிய தோலின் சாறு கீழே இறங்கி அதைப் பிடித்துக்கொண்டு, எங்கும் படியவிடாமல் தண்ணீரோடு கூட்டி வருகிறதாம். காய்ச்சினால் போய்விடுமா என்று கேட்டேன்.

"காய்ச்சினா தண்ணிதாம்மா கொறையும், அது கொறையாது" என்றார்.

சுலோ, ஊரே பச்சைத் தண்ணீர் குடித்தது. நான்தான் சுண்டச் சுண்டக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, உன் மகளுக்கென்று தனிச் செம்பில் வைத்துக் கொடுத்தேன்.

அவளுக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. செருப்பு சின்னதாகிவிட்டது, பிள்ளை வளர்கிறாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் சிறுநீரகத்தைப் பார்க்கத் திருப்பதிக்குப் போகச் சொல்லிவிட்டார். நாளைக் காலை பஸ். போரை மூடியாயிற்று, இப்போது லாரித் தண்ணீர்தான்.

அடுத்த முறை நீ திருவேங்கடம் கடைக்குப் போன் செய்யும்போது அவள் வராவிட்டால் பதறாதே. நான் வருவேன். வழக்கம்போல ஊர்க்கதை அளந்தேனென்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். சுருக்கமாகப் பேசினால், உன் முதலாளியம்மாவிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிவிடு.

வேளைக்குச் சாப்பிடு. அங்கேயாவது நல்ல தண்ணீராகப் பார்த்துக் குடி. என் ஆயுசும் சேர்ந்து உன் பிள்ளைக்கு இருக்கட்டும்.

உன் அக்கா
செங்கம்மா