அம்மா காதால் படித்த புத்தகம்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். என் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் எல்லாமும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிரிலும் வேலையிலும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். புத்தக வெளியீடு எப்படி நடந்தது என்று நீ போனில் கேட்டதற்கு உன் அம்மா, நல்லா நடந்துச்சு என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டாளாமே. நாலு வரிப் பாட்டுக்கு நாற்பது பக்கம் எழுதுகிறவள், தன் விஷயம் என்றால் மட்டும் தந்தி அடிக்கிறாள். அதனால் நடந்ததை நான் எழுதுகிறேன், நீ மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. மாமியார் ஏதோ காலேஜில் பாடம் நடத்தினவர் என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும்.

அவள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டே மாலைக் கல்லூரியில் படித்தவள் என்று அவரிடம் சொல். அந்தக் கட்டடத்து லிப்டைப் பழுது பார்க்கப் போனபோதுதான் நான் அவளை முதலில் பார்த்தேன். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தால் அழுதுகொண்டு வருவார்கள் என்று பார்த்தால், கையில் தாள்களோடு வந்து, லைட்டையாவது எரிய விட்டிருக்கலாமே, ரெண்டு பக்கம் பார்த்திருப்பேன் என்று என்னிடம் சண்டை போட்டாள். பிறகு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். பழைய தொகுப்புகளில் பெயர் தெரியாமல் கிடக்கிற பெண் கவிஞர்களைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நின்றாள். வழிகாட்டிப் பேராசிரியர், பெயரே இல்லாதவர்களுக்கு என்ன வரலாறு எழுதுவாய், வேறு தலைப்பு தருகிறேன் என்றாராம். "பேரு இல்லாததாலதானே சார் அவங்களுக்கு வரலாறு வேணும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். நீ வயிற்றில் இருந்தாய், அந்தக் கோபத்தில் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, நீ உள்ளிருந்து உதைத்தாய். அந்த ஆராய்ச்சிதான் பின்னால் இந்தப் புத்தகத்தின் முதல் பாகமாக வந்து, எத்தனையோ கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. நடுவில் கதைகள் எழுதினாள், பெண்கள் கல்லூரியில் துறைத் தலைவி ஆனாள், அதெல்லாம் உன் கண் முன்னால் நடந்தது.

இரண்டாம் பாகம் பாதி முடிந்த நிலையில்தான் கண் மோசமானது. நீ வந்துபோனபோது ஒரு கண்ணோடு நின்றிருந்தது, மழைக்காலம் முடிவதற்குள் மற்றதிலும் நடுப்பார்வை போய்விட்டது. நேராகப் பார்த்தால் என் காது தெரிகிறதாம், மூக்கு தெரியவில்லையாம். இத்தனை வருஷம் பார்த்தாச்சு, மூக்கு எங்க இருக்கும்னு தெரியும் என்று சிரித்தாள், ஆனால் புத்தக அலமாரிப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். இது வம்சத்தில் வரக்கூடியது என்று டாக்டரம்மா சொன்னார், நீ வருஷத்துக்கு ஒரு தடவையாவது கண்ணைக் காட்டு, கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டே ரொட்டியைக் கடிக்கிற வழக்கத்தையும் விடு. பதிப்பாளர் நல்ல மனிதர்தான், வீட்டுக்கே வந்தார். ஓர் இளம் பேராசிரியர் மீதியை முடித்துத் தருவார், அட்டையில் இரண்டு பேர் பெயரும் போட்டுவிடலாம், நீங்கள் சிரமப்பட வேண்டாம் அம்மா என்றார். உன் அம்மா அவருக்கு டீ கொடுக்கச் சொன்னாள், குழந்தைகளைப் பற்றி விசாரித்தாள், வாசல்வரை வந்து வழியனுப்பும்போது மெதுவாகச் சொன்னாள். "பேரு தொலைஞ்சவங்களைத் தேடிப் போன புத்தகம். இதுல என் பேரையே பாதியாக்கச் சொல்றீங்களே." அந்த மனிதர் டீயின் சூடு இறங்குவதற்குள் வியர்த்துப் போனார்.

சொல்லிவிட்டாள் சரி, யார் படிப்பது. மறுநாள் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, நீங்க படிங்க, நான் கேக்கறேன் என்றாள். லிப்டின் வயரிங் படத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் படிப்பேன், செய்யுள் படிக்க நான் எந்த ஜென்மத்தில் கற்றேன். அந்தக் காலப் பதிப்பில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம்கூட விடவில்லை, சரக்கு ரயில் மாதிரி பெட்டிக்குப் பெட்டி கொக்கி. எங்கே நிறுத்தினாலும் தப்பு. அவள் தலையில் அடித்துக்கொள்வாள், நான் புத்தகத்தை மூடுவேன், டீ குடிப்போம், மறுபடி தொடங்குவோம். ஒருநாள் இப்படி ஒரு வரி வந்தது, பலகையொலி அடங்குமுன் இழையறுந்தது தோழி என்று. நான் பலகை, ஒலி என்று நிறுத்திப் படித்தேன். அது பல கை ஒலி, நிறையப் பேர் கைதட்டுற சத்தம், அரண்மனைப் பெண்கள் கைதட்டி ஆடுறப்ப ஒருத்தியோட நகை அறுந்து விழுது, இழைன்னா நகை என்று வழக்கம்போல் திருத்தத் தொடங்கினவள் பாதியில் நின்றுவிட்டாள். மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தடவை, அதே தப்போட படிங்க என்றாள். பிறகு விரலால் மேசையில் தட்டிக்கொண்டே இருந்தாள், ஒரே சீராக. அவள் உடம்புக்கு என்னமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. கடைசியில்தான் சொன்னாள். "இது தறிங்க. தறியில அடிக்கிற பலகை. அறுந்தது நகை இல்ல, நூல். பாடினவ நெசவு நெய்யறவ."

அடுத்த பாட்டைப் படி, அதற்கு அடுத்ததைப் படி என்று அன்றைக்கு என் தொண்டை கட்டிவிட்டது. அதே தொகுப்பில் இன்னும் சில பாட்டுகளிலும் அந்தத் தறிச் சத்தம் இருக்கிறதாம், வரி அந்தத் தட்டலுக்குத்தான் நடக்கிறதாம், கண்ணால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதாம். அரண்மனைப் பெண் என்று இத்தனை காலம் எல்லாரும் எழுதிவைத்த ஒருத்தியை உன் அம்மா தறிக்குழியிலிருந்து எழுப்பிவிட்டாள். இதில் நான் ஏதோ கண்டுபிடித்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் கைகொடுக்க வந்தார், நீயும் அப்படி நினைக்காதே. நான் தப்பாகப் படித்தேன், அவள் சரியாகக் கேட்டாள். எழுதி வைத்திருந்த அத்தியாயங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து சொன்னாள், நான் எழுதினேன். எழுதியதைத் திருப்பிப் படிக்கும்போது ஒற்று விட்டிருந்தால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுகிறாள், அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

விழாவுக்கு நூலக மாடி அரங்கம், நிற்க இடமில்லை. அவளிடம் படித்த பெண்களே பாதிக் கூட்டம், சிலர் பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். கையில் ஒரு துண்டுத் தாள் இல்லாமல் பேசினாள், அத்தனை பாட்டும் மனப்பாடம். பேசி முடித்ததும் ஒரு பேராசிரியர் எழுந்து, முதல் பாகத்தில் நீங்களே கைதட்டல் என்றுதானே எழுதினீர்கள், மாணவர்கள் அதைப் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறார்களே என்று கேட்டார். உன் அம்மா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அப்ப கண்ணால படிச்சேன், இப்ப காதால படிச்சேன். அடுத்த பதிப்புல திருத்தறேன். அதுக்குள்ள நீங்களே மாணவர்கள்கிட்ட சொல்லிட்டா இன்னும் நல்லது." அவர்தான் முதலில் கைதட்டினார், வாயாடி. பிறகு பல கை ஒலி என்றால் என்ன என்பதை நானும் கேட்டேன். முன்வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது உன் அப்பாதான், வீடியோவில் பார்த்துவிட்டுக் கேலி செய்யாதே.

இனி ஓய்வு என்று நினைத்தேன். இந்த வாரம் நாவல் தொடங்கியிருக்கிறாள். காலைப் பொழுது முழுக்க அவள் சொல்ல நான் எழுதுகிறேன், அதனால் அந்த நேரத்தில் போன் செய்யாதே, மாலையில் செய். அங்கே இருவரும் ஒருவருக்கொருவர் அனுசரணையாக, கேட்டது கிடைத்து, நீண்ட நாள் நிறைவாக இருங்கள், எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உங்களோடு இருக்கும். சொல்ல மறந்துவிட்டேன், நாவலில் கதாநாயகியின் புருஷனாக ஒரு லிப்ட் மெக்கானிக் வருகிறான். முதல் அத்தியாயத்திலேயே அவனைச் சாகடித்துவிட்டாள், என் கையாலேயே எழுத வைத்தாள். ஏம்மா இப்படி என்று கேட்டேன். நீங்க உசுரோட இருந்தா அவளுக்கு என்ன கஷ்டம் வரப்போகுது, கதை நகராதே என்கிறாள்.

இப்படிக்கு,
நாவலுக்கு வெளியே நலமாக இருக்கும்
உன் அப்பா