பெட்டியின் அடியில் ஒரு நீச்சலுடை

மே 20, 2008, செவ்வாய்

காலையில் நர்ஸ் வந்து ஆட்ரியின் காலுக்குக் கட்டு மாற்றிவிட்டுப் போனாள். கணுக்காலுக்கு மேலே வந்த அந்தப் புண் குளிர்காலம் முழுக்க ஆறவில்லை. இப்போதும் ஆறுகிற வழியாகத் தெரியவில்லை. "தண்ணி மட்டும் படவே கூடாது" என்று நர்ஸ் என்னைப் பார்த்துச் சொன்னாள், ஏதோ நான்தான் தினமும் பக்கெட்டில் மொண்டு ஊற்றுவதுபோல. ஸ்கார்பரோவுக்குப் போகலாமா என்று கேட்டேன். தாராளமாகப் போகலாமாம். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு கடலைப் பார்க்கலாமாம். நல்லதாகப் போயிற்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

விடுதிக்காரி மிஸஸ் டாட்டர்சாலுக்குப் போன் செய்து ஜூன் இரண்டாம் வாரத்து அறையை உறுதி செய்தேன். "இந்த வருஷம் கீழேயே குடுத்துடறேன் கண்ணு, அவங்க படி ஏற வேண்டாம்" என்றாள். எல்லாரும் அவளுக்குக் கண்ணுதான். தபால்காரனையும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஜூன் 5, வியாழன்

ஆட்ரி பெட்டி கட்டினாள். எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கருநீல நீச்சலுடை, அதன்மேல்தான் மற்றதெல்லாம். வருடா வருடம் இதே வரிசை. இடையில் பழசு போய்ப் புதுசு வந்திருக்கிறது, நிறம் மட்டும் மாறவில்லை. எதுவுமே ஒரு தடவைகூட நனைந்து நான் பார்த்ததில்லை. அதைக் கேலி செய்வதும் பெட்டி கட்டுவதில் ஒரு பகுதி.

"நம்ம வீட்டுலயே அதிகமா லீவு எடுத்தது இதுதான். ஒரு நாள்கூட வேலை செஞ்சதில்ல" என்றேன்.

"சும்மா இருக்கட்டும்." ஒவ்வொரு வருடமும் சொல்கிற பதில்.

"கால்ல கட்டு வேற. இந்தத் தடவையாவது விட்டுட்டு வாயேன்."

அவள் அதன்மேல் என் பனியன்களை அடுக்கினாள்.

ஜூன் 7, சனி

ஸ்கார்பரோ. மழை. வண்டியைக் கடலைப் பார்த்து நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்தோம். இரண்டு பக்கமும் எங்களைப் போலவே வண்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வயதான ஜோடி, ஒரு பிளாஸ்க், ஒரு செய்தித்தாள். யாரும் இறங்கவில்லை. அவ்வப்போது கண்ணாடித் துடைப்பானை ஒரு தரம் போட்டு, கடல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். இருந்தது.

ஜூன் 9, திங்கள்

கோட்டை. ஆட்ரியால் வெகுதூரம் நடக்க முடியவில்லை. மதிலோரப் பெஞ்சில் அவளை உட்காரவைத்தேன். முதல் உலகப் போரில் ஜெர்மன் கப்பல்கள் இங்கே குண்டு போட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியும் கிளெம். போன வருஷமும் போட்டாங்க" என்றாள்.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நான் பேசுகிற நேரமெல்லாம் அவள் கீழே வடக்குக் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரோ ஒரு பெண்மணி தண்ணீரில் இருந்தாள்.

"கழுத்து வரைக்கும் போயிட்டா" என்றாள் ஆட்ரி.

"இந்தக் குளிர்லயா? பைத்தியம்" என்றேன்.

"ஆமா" என்றாள்.

ஜூன் 11, புதன்

ஆட்ரியின் தங்கை பெரில் பிரிட்லிங்டனிலிருந்து பஸ்ஸில் வந்தாள். துறைமுகத்தை ஒட்டிய கடையில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். பெரிலுக்கு வாய் சும்மா இருக்காது.

"இந்த வருஷமும் கோட்டைதானா? அது இடிஞ்சு எத்தனை காலம் ஆச்சு. இந்தத் தடவையாவது எழுந்து நின்னுடுச்சான்னு போய்ப் பாத்தியா?"

நான் சிரித்துச் சமாளித்தேன். ஆட்ரி கை கழுவப் போனதும் பெரில் முள்கரண்டியை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தண்ணீரைக் காட்டினாள்.

"கல்யாணத்துக்கு முந்தின கோடையில அந்தத் துறைமுகச் சுவர்லேந்து குதிச்சு, அந்தக் கோடியில ஸ்பா கட்டடம் இருக்குல்ல, அது வரைக்கும் நீந்திப் போனா எங்கக்கா. கரையில நின்னு நாங்கல்லாம் தொண்டை கிழியக் கத்தினோம். உனக்குத் தெரியுமா?"

"பள்ளிக்கூடத்துல நீந்துவான்னு தெரியும்."

"பள்ளிக்கூடத்துல." அந்த வார்த்தையை அவள் திருப்பிச் சொன்ன விதம். "ஏன்க்கா இப்பல்லாம் இறங்கறதே இல்லன்னு ஒரு தரம் கேட்டேன். கிளெம்முக்கு நீச்சல் தெரியாது, மணல்ல தனியா உக்காந்திருப்பான், பாக்க நல்லா இருக்காதுன்னா."

"நான் ஒரு நாளும் வேணாம்னு சொன்னதில்லையே."

"போன்னும் சொன்னதில்லையே."

அதற்குள் ஆட்ரி வந்துவிட்டாள். பெரில் வினிகர் பாட்டிலை எடுத்துத் தரச் சொன்னாள்.

அறைக்கு வந்ததிலிருந்து எதிலும் மனம் ஓடவில்லை. கல்யாணம் ஆன மறுநாள் இதே ஊர், இதே கரை. ஆட்ரி கவுனுக்குள் நீச்சலுடையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், கழுத்தருகே பட்டை தெரிந்தது. "நீ போயிட்டு வா, நான் இங்கேயே இருக்கேன், எனக்குப் பரவாயில்லை" என்றேன். உண்மையிலேயே பரவாயில்லைதான். ஆனால் என் கையில் கோட்டையைப் பற்றிய புத்தகம் திறந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். "அப்ப வா, கோட்டைக்கே போலாம்" என்றாள். எனக்குச் சந்தோஷம், கிளம்பிவிட்டேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தரம் கேட்போம், மற்றவர் ஒரு தரம் வேண்டாம் என்பார், அதோடு முடிந்தது. இரண்டாம் தரம் கேட்டால் வற்புறுத்துவதாகிவிடும். அப்படித்தான் என்னை வளர்த்தார்கள், அவளையும். அதற்கு மரியாதை என்று பெயர்.

ஆனா ஏன்டா கிளெம், ஒருத்தி நனையாத துணியை வருஷா வருஷம் எதுக்குச் சுமந்துட்டு வர்றான்னு உனக்கு ஒரு நாள்கூடத் தோணலையா? கேலி பண்ணத் தெரிஞ்சுது, கேக்கத் தெரியலையே.

ஜூன் 12, வியாழன்

வெயில் வந்தது. கோட்டை வேண்டாம், தண்ணீருக்குப் போகலாம் என்றேன். "கால்?" என்றாள். மிஸஸ் டாட்டர்சாலிடம் ரொட்டி வருகிற பிளாஸ்டிக் பை இரண்டும் ரப்பர் பட்டைகளும் கேட்டு வாங்கினேன். "எதுக்குக் கண்ணு?" என்றாள். சொன்னேன். கரையில் நாற்காலி வாடகைக்கு எடுக்க வேண்டாம், தன் மடக்கு நாற்காலியையே எடுத்துப் போகச் சொன்னாள்.

அலை வந்து தொடுகிற இடத்தில் நாற்காலியைப் போட்டேன். கட்டுப் போட்ட காலுக்கு இரண்டு பைகள். அது போதாது என்று பயந்து, நான் முட்டிபோட்டு அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். மற்றக் காலை அவள் தண்ணீரில் வைத்தாள். என் கால்சட்டை இடுப்பு வரை நனைந்தது. பக்கத்தில் கழுதைச் சவாரிக்கு நின்றிருந்த ஒரு குடும்பமே எங்களைப் பார்த்துச் சிரித்தது.

"விட்டுடு கிளெம், முதுகு பிடிச்சுக்கும்."

"பிடிச்சுக்கட்டும்."

பெரில் சொன்னதைப் பற்றி அவளிடம் ஒன்றும் பேசவில்லை. பேச வாயெடுத்தேன், அலை வந்தது, காலை உயர்த்தினேன், அப்படியே போய்விட்டது. அவள் வெகுநேரம் அப்படியே இருந்தாள். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14, சனி

ஹடர்ஸ்ஃபீல்ட். வீடு. முதுகு பிடித்துக்கொண்டது.

செப்டம்பர் 2, செவ்வாய்

புண் பெரிதாகியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்கிறார்கள். ரொட்டிப் பையா காரணம்? டாக்டர் இல்லை என்கிறார். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் இல்லை என்கிறார்.

நவம்பர் 18, செவ்வாய்

கட்டைப் பிரித்துவிட்டார்கள். தோல் மூடிவிட்டது. இளஞ்சிவப்பாக, மெழுகு மாதிரி இருக்கிறது. "இனிமே குளிக்கலாம், நீந்தலாம், எது வேணாலும் செய்யலாம்" என்றாள் நர்ஸ், விளையாட்டாக. ஆட்ரி தேநீர் போடப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன்.

ஜனவரி 14, 2009, புதன்

நகராட்சி நீச்சல் குளத்தில் சேர்ந்துவிட்டேன். எழுபத்தொரு வயதில். வகுப்பில் எல்லாருக்கும் என் பாதி வயது. சொல்லித்தருகிற பெண் எனக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவைப் பலகை தந்து, "முதல்ல முகத்தைத் தண்ணில வைங்க" என்றாள். வைத்தேன். செத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஆட்ரியிடம் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். ஜூனில் அவளோடு தண்ணீரில் இறங்க வேண்டும். நான் கரையில் தனியாக உட்காராவிட்டால் அவளுக்குத் திரும்பிப் பார்க்கவேண்டியிருக்காது. வேறு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான் வேண்டும்.

பிப்ரவரி 25, புதன்

"நூலகத்துல கூரை ஒழுகுதா?" என்றாள், என் ஈரத் தலையைப் பார்த்து.

"மழை" என்றேன். வெளியே நல்ல வெயில். அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

ஏப்ரல் 29, புதன்

பலகை இல்லாமல் அகலவாக்கில் ஒரு முறை. நாய்க்குட்டி நீந்துவதுபோலத்தான். ஆனால் மூழ்கவில்லை.

ஜூன் 4, வியாழன்

பெட்டி. அடியில் கருநீலம். இந்த முறை நான் கேலி செய்யவில்லை. என்னுடைய நீச்சல் கால்சட்டையைத் துண்டுக்குள் சுருட்டிவைத்தேன். திருட்டுக்குப் போகிறவனைப் போல.

ஜூன் 9, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலைச் சாப்பாட்டில் சொன்னேன். "இன்னிக்குக் கடல்ல இறங்கலாம். நானும் வர்றேன்."

"வேணாம் கிளெம். எனக்குப் பரவாயில்லை."

இரண்டாம் தரம் கேட்டேன். "வா ஆட்ரி. எனக்கு உன்கூட வரணும்."

அவள் கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "நூலகம்" என்றாள். "அதானா."

வெயில் இருந்தது, கரையில் கூட்டமில்லை. நீச்சலுடை அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. ஆஸ்பத்திரியில் இளைத்தவள் தேறவே இல்லை. அதன் தோள்வாரை ஊக்கு குத்திச் சுருக்கியிருந்தாள். தண்ணீர் எலும்பைக் கடித்தது. நான் மார்பு வரை போய் நாய்க்குட்டி வேலையைக் காட்டினேன். அவள் சிரித்தாள், நிஜமாகவே சிரித்தாள். பிறகு முன்னால் சாய்ந்து நீந்தினாள்.

ஏழெட்டு வீச்சுதான் இருக்கும். ஒரு துளி தெறிக்கவில்லை. கை போவதும் வருவதும் தெரியவில்லை, அவள் மட்டும் போய்க்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணோடு இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், இதை ஒரு நாள் பார்த்ததில்லை. நான் நீந்த மறந்து ஒரு வாய் உப்புத் தண்ணீர் குடித்தேன்.

அப்புறம் நின்றாள். திரும்பி நடந்து வந்தாள். உதடு நீலமாக இருந்தது.

"போதும்" என்றாள்.

துண்டைச் சுற்றிவிட்டேன். பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். நல்லா இருந்துச்சா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கோப்பையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்து மூணு வயசுல இதுக்காக உசிரையே விட்டிருப்பேன். நாப்பதுலகூட. இப்ப வெறும் குளிரா இருக்கு, கிளெம்."

கோபமாகச் சொல்லவில்லை. தேநீர் ஆறிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் கற்றுக்கொண்டதற்கு நன்றியும் சொன்னாள், என் கையைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். "கோட்டையில காத்து இருக்காது. மதிலோரமா வெயில்ல உக்காரலாம்."

போனோம். நான் அங்கிருந்த தகவல் பலகை ஒன்றையும் படிக்கவில்லை. அவள்தான் படித்துக் காட்டினாள். ஜெர்மன் கப்பல்கள், குண்டுகள், எல்லாம்.

ஜூன் 10, புதன்

அவ மேல கோவம் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே — சொல்லலை. நான் கேட்டிருக்கலாமே — கேக்கலை. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தொந்தரவு குடுக்காம ஒரு ஆயுசையே ஓட்டியிருக்கோம். இதுக்கு எதுக்கு மரியாதைன்னு பேரு வச்சாங்க?

ஜூன் 3, 2010, வியாழன்

பெட்டி கட்டும் நாள். அடியில் கருநீலம் இல்லை. துணிகளை விலக்கி இரண்டு முறை பார்த்தேன்.

"நீச்சலுடை எங்க?"

"வசந்தத்துல அலமாரிய ஒழிச்சேன்ல, அப்பவே தர்மக் கடையில குடுத்துட்டேன். துணி புதுசாத்தான் இருந்துச்சு. யாராவது போட்டுப்பாங்க." சொல்லிக்கொண்டே தேநீருக்குத் தண்ணீர் வைக்கக் கீழே போனாள்.

புதன்கிழமைக் குளத்தை நான் இன்னும் விடவில்லை. என் நீச்சல் கால்சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்து மடித்து, பெட்டியின் அடியில் வைத்து, மேலே துணிகளைப் பழையபடி அடுக்கினேன். அவள் தேநீரோடு வந்து, காலுறைகளுக்கு இடம் பண்ணக் கையை உள்ளே விட்டவள், அதைப் பார்த்துவிட்டாள்.

"இது எதுக்கு?"

"சும்மா இருக்கட்டும்" என்றேன்.

ஒரு கணம் கையை எடுக்காமல் நின்றாள். பிறகு அதன்மேல் தன் ஸ்வெட்டரை வைத்துப் பெட்டியை மூடினாள்.

"கோட்டைக்கு வருஷ அட்டை எடுத்தியா?"

"எடுத்துட்டேன்" என்றேன்.