சட்டையில் எழுதியிருந்தது

வென்டல்,

ஊர் ஓட்டப்பந்தயத்தில் பத்து மைல் ஓடி முடித்த கையோடு, "நெப்ராஸ்கா புல், எங்கள் பண்ணை மாடு" என்று எழுதிய என் சட்டையோடேயே, நீ இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த அடுப்பருகே வந்தேன். ஒரு கடி கடித்தேன். அது நம் மாடு இல்லை.

பந்தய நாள் விருந்துக்கென்று ஒதுக்கி வளர்த்த சிவப்புக் காளையை நீ எப்போதோ விற்றுவிட்டாய். உன் வண்டியில் கிடந்த காலி இறைச்சிப் பெட்டிகளில் வெளிநாட்டு முத்திரை இருந்தது. ஒன்றை எடுத்து உன் முன்னால் நீட்டினேன். நீ சிரித்தாய். "ஓடி வந்தவங்களுக்குப் பசிதான் தெரியும். ருசி எவனுக்குத் தெரியப்போவுது?"

பக்கத்துப் பண்ணை லோர்னாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "ஏன்டி, உங்க மாடு எப்பலேர்ந்து இப்படிச் சப்புன்னு ஆச்சு?"

அதற்குப் பிறகும் மேடையேறினேன். "உடம்புக்கு நல்லதுங்க, எங்க கையால வளர்த்த மாடு" என்று மைக்கில் முழங்கினேன். உன்னைவிட என்னை நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது.

சனிக்கிழமை நம் கன்றுகளுக்குப் பண்ணை அடையாளச் சூடு போட ஊரே வருகிறது. கூலி வாங்காமல் உழைப்பவர்களுக்கு நம் மாட்டைச் சமைத்துப் போடுவதுதான் இங்கே மரியாதை. லோர்னாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நம் காளைதான் இல்லையே, அன்றைக்கு அவள் தன் பண்ணை இறைச்சியைக் கொண்டுவருகிறாளாம். நம் வீட்டு மேசையில் உனக்கும் ஒரு தட்டு வைப்பாள்.

எல்லார் முன்னாலும் தின்று, ருசி சொல்.

அந்தச் சட்டையை இனி நான் போடமாட்டேன்,
உன் மனைவி